மோட்டார் சுருதி

இளஞ்செழியனுக்கு வீட்டில் ஒரே ஒரு குறைதான். மகள் மதிவதனி அவரோடு சண்டை போடுவதில்லை.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஊரில் பெண்ணைப் பெற்றவனெல்லாம் எதிர்த்துப் பேசுகிறாள், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிற காலத்தில் இந்த மனுஷனுக்கு வந்த கவலையைப் பாரேன் என்பார்கள். சிரிக்கட்டும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பாதி ஆயுசை வெல்டிங் பொறியில் கழித்துவிட்டு, போன பொங்கலுக்கு ஒரேயடியாக ஊர் திரும்பிய மனுஷனின் வயிற்றெரிச்சல் அவர்களுக்கு எங்கே புரியப் போகிறது?

பூதலூருக்குப் பக்கத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. காலையில் எழுந்தால் தாய்க்கும் மகளுக்கும் ஆரம்பித்துவிடும்.

"சட்னியில உப்பு போட்டியா, இல்ல உப்புல சட்னி போட்டியா?" என்பாள் மதிவதனி.

"வேணும்னா தின்னு. இல்லன்னா நீயே அரைச்சுக்க, மகாராணி" என்பாள் அவர் மனைவி பிரகதீஸ்வரி.

சட்னியில் தொடங்கி, துண்டு, சார்ஜர், ஃபேன் சுவிட்ச் என்று போய், எப்போதோ கல்யாண வீட்டில் கட்டிய புடவை வரைக்கும் சண்டை நீளும். அரை மணி கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, ஒருத்தி தலையில் ஒருத்தி எண்ணெய் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இளஞ்செழியன் தட்டோடு உட்கார்ந்து இதையெல்லாம் ஏக்கத்தோடு பார்ப்பார். மெதுவாகத் தானும் உள்ளே நுழையப் பார்ப்பார்.

"ஏம்மா வதனி, சட்னி கரிக்குதா?"

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகம் துடைத்து வைத்த பாத்திரம் போல ஆகிவிடும். "இல்லப்பா, நல்லாருக்குப்பா. உங்களுக்கு இன்னொரு தோசை போடச் சொல்லட்டுமா?"

தாசில்தார் வீட்டுக்கு வந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படி.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. சண்டைக்கு இழுத்துப் பார்த்தார். அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியின் நடுவில் டிவியை அணைத்தார். "பரவால்லப்பா, நான் போன்ல பாத்துக்கறேன்." அவள் ஸ்கூட்டியை எடுத்துப்போய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தார். "உங்களுக்கு அடி ஒண்ணும் படலையேப்பா?" அவள் இயர்போனைச் சட்டைப்பையிலேயே விட்டு வாஷிங் மிஷினில் போட்டார். "அது பழசுதாம்ப்பா." கல்லில் முட்டிக்கொண்டாலாவது திருப்பி வலிக்கும். இது அதுகூட இல்லை.

மதிவதனி திருவையாற்றில் இசைக் கல்லூரியில் வயலின் படிக்கிறவள். வீட்டில் அவள் வயலினோடு உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது. மிக்ஸி ஓடினால் அம்மாவுக்குத் திட்டு விழும். பூனை குறுக்கே போனால் பூனைக்கும் விழும். இளஞ்செழியன் இதைக் கவனித்தார். அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தால் நமக்கும் நாலு விழாதா என்று ஒரு நப்பாசை. இன்னொன்றும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மோகன ராகம் வாசிக்கும்போது அவர் எடுத்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்றுவிடுவார். அந்தச் சத்தம் தன் வீட்டிலிருந்து வருகிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

"எனக்கும் கத்துக்குடேம்மா" என்று சித்திரையில் ஒருநாள் கேட்டுவிட்டார்.

பிரகதீஸ்வரி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த முறம் கவிழ்ந்தது. "வெல்டிங் ராடு புடிச்ச கை! வயலின ஒடைக்காம இருந்தா சரி."

மதிவதனி சிரிக்கவில்லை. "சரிப்பா" என்றாள்.

தன்னுடைய பழைய வயலின் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் முட்டுக் கொடுத்து, வில்லை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். இளஞ்செழியன் வில்லை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

"முதல் நாளுக்கு நல்லாருக்குப்பா" என்றாள் மகள்.

ஒரு மாதம் போனது. சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசை வந்தது. அப்போதும் "நல்லாருக்குப்பா". அவருக்குச் சுருக்கென்றது. அது அதே "நல்லாருக்கு", சட்னி "நல்லாருக்கு". தன் வாசிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று கன்றுக்குட்டிக்குத் தெரிந்த அளவுகூட இவள் தனக்குச் சொல்லவில்லையே என்று மனம் நொந்தார்.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசிப் பரீட்சை, கச்சேரி என்று அவள் அலைய ஆரம்பித்ததும் பாடங்கள் வாட்ஸப்பில் குரலாக வந்தன. "தினமும் காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் வாசிச்சாப் போதும்ப்பா. ஒரேயடியா உக்காராதீங்க. மெதுவா வாசிங்க. தப்பு வர்ற எடத்த மட்டும் தனியா எடுத்துக்கங்க. தம்புரா ஆப் அனுப்பிருக்கேன், அதப் போட்டுக்கிட்டே வாசிங்கப்பா."

இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? நம்ம ஆளோ ஓவர்டைம் பார்த்தே வளர்ந்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமை இட்லியை முடித்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். அவள் புதிதாக அனுப்பிய சின்ன மோகன கீதத்தை முதலிலிருந்து தொடங்குவார். மூன்றாவது வரியில் தடுக்கும். "சே!" என்று மறுபடி முதலிலிருந்து. மறுபடி மூன்றாவது வரியில் தடுக்கும். மறுபடி முதலிலிருந்து. இதனால் அவருக்கு முதல் இரண்டு வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது வரிக்கு அப்பால் அவர் எட்டிப் பார்த்ததே குறைவு. தோளில் வலி, விரல் நுனியில் தடிப்பு, தைலம் வாங்கியே மாளவில்லை. பிறகு வாரம் முழுக்க வயலின் பக்கம் திரும்ப மாட்டார். அடுத்த ஞாயிறு பார்த்தால் முதல் இரண்டு வரிகளும் மறந்து போயிருக்கும்.

கடைசியில் மாடு தீர்ப்புச் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பாலை அடக்கிக்கொண்டு காலை உதறியது. பிரகதீஸ்வரி செம்பும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு மாடு இருக்கணும், இல்ல இந்தப் பிடில் இருக்கணும். எது வேணும்னு சொல்லுங்க."

"ரெண்டும் இருக்கட்டுமே."

"அப்ப நீங்க கெளம்புங்க."

இப்படித்தான் வயலின் வயலுக்குப் போனது. வயலோரத்து மோட்டார் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். குறுவை நெல் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டிய நேரம். மோட்டாரைப் போட்டார். 'உம்ம்ம்' என்று அது ஓட ஆரம்பித்தது. வயலினில் வில்லை வைத்தார். அப்போதுதான் அவருக்கு அந்த ஞானம் பிறந்தது. அடடா, இது என்ன சத்தம்! ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. மகள் அனுப்பிய தம்புரா போனில் கொசு ரீங்காரம் போலக் கேட்கும். இதுவோ கம்பீரமாக, கொட்டகை முழுக்க நிரம்பி நிற்கிறது. தந்திகளைத் திருகித் திருகி மோட்டாருக்குச் சேர்த்தார். சேர்ந்ததும் உடம்பு சிலிர்த்தது. சா என்றால் இதுவல்லவா சா!

அன்றிலிருந்து மின்வாரியம்தான் அவருக்குச் சுருதி போட்டது. மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரம் சாதக நேரம். போனால் எழுந்து வரப்பு பார்க்கப் போய்விடுவார். ஓவர்டைமுக்கு வழியே இல்லை. மகள் சொல்லிக் கேட்காத பாடத்தை மின்வாரியம் சொல்லாமலே நடத்தியது. தினமும் கொஞ்சம், விட்டு விட்டுக் கொஞ்சம் என்று விரல்கள் தாமாக இடம் கண்டுபிடிக்க ஆரம்பித்தன. முந்தின நாள் வராத பிடி மறுநாள் காலையில் கேட்காமலே வந்து நின்றது. அவருக்கே ஆச்சரியம்.

இன்னொரு பாடத்தை வயலே நடத்தியது. வடக்கு மூலையில் ஒரு மேடு. எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் அங்கே மட்டும் ஏறாது. நாற்று வெளுத்துக் கிடந்தது. மேட்டுக்கு ஏறட்டும் என்று வயல் முழுக்கத் தண்ணீர் கட்டியதில் பள்ளத்தில் நட்ட நாற்று அழுகியதுதான் மிச்சம். ஒருநாள் வெறுத்துப்போய் மண்வெட்டியை எடுத்து அந்த மேட்டை மட்டும் சீவினார். அரை மணி வேலை. தண்ணீர் தானாக ஏறியது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவர், "அட மடையா" என்று சத்தமாகத் தன்னையே திட்டிக்கொண்டார். கொட்டகைக்கு ஓடி, மூன்றாவது வரியில் தடுக்குகிற அந்த நான்கு சுரத்தை மட்டும் எடுத்து, ஆமை வேகத்தில் வாசித்தார். அதையே மறுபடி வாசித்தார். முதல் வரிப் பக்கமே போகவில்லை. அந்த வாரமே மூன்றாவது வரி அவருக்கு வசமானது.

ஆனி கடைசியில் வீட்டில் ஒருநாள், தம்புரா ஏதும் இல்லாமல், மோகனத்தில் அந்தச் சின்ன கீதத்தை வாசித்துக் காட்டினார். மதிவதனி வழக்கம்போல "நல்லாரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள்.

"யார்கிட்டப்பா கேட்டுக்கிட்டீங்க?"

"நானேதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நவராத்திரிக்கு நம்ம கோயில்ல எனக்கு ஒரு நாள் குடுத்திருக்காங்க. அந்தக் கீதத்த எங்கூட உக்காந்து வாசிக்கிறீங்களாப்பா?"

இளஞ்செழியனுக்குத் தரையில் கால் பாவவில்லை. பிறகு அவள் அடுத்ததைச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. விஜயதசமி கழித்துப் போய்ச் சேர வேண்டும். "உங்களுக்குச் சம்மதந்தானேப்பா?"

சம்மதம் என்று சொன்னார். வேறு என்ன சொல்வார்? தான் வந்து சேர்ந்த வருஷமே அவள் கிளம்புகிறாள். இந்த நவராத்திரிக்குள் அவள் ஒரு தடவையாவது தன் மேல் பாய்ந்து விழவில்லை என்றால், இனி லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விருந்தாளிதான். "சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டியாம்மா" என்றே காலம் போய்விடும். வயலினையாவது ஒழுங்காக வாசித்துக் காட்டுவோம், அதிலாவது ஏதாவது பிறக்கட்டும் என்று முடிவு கட்டினார்.

அதில்தான் வந்தது வினை. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஊரில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. இவர் மோட்டார் மட்டும் காலையும் மாலையும் உம்ம்ம் என்றது. அது இல்லாமல் வாசித்தால் அவருக்குக் கை கால் இல்லாத மாதிரி இருந்தது. கரண்ட் இறங்கி மோட்டார் குரல் கம்மினால் இவரும் கூடவே கம்முவார், ஏறினால் ஏறுவார். அவ்வளவு ஒட்டுதல். சேர்ந்து வாசிக்கலாம் என்று மகள் கூப்பிட்டாலும், ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொன்னாலும், இன்னும் கொஞ்சம் பழகிக்கறேம்மா என்று நழுவிவிடுவார்.

பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு வரப்பில் நின்று கேட்டார். "ஏஞ் செழியா, ஆத்துல தண்ணி கரை புரண்டு போவுது. நீ மோட்டார் போட்டு யாருக்கு எறைக்கிற?"

"மோட்டார ஓட்டாம விட்டா துரு ஏறிடும்ணே."

வைரக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். சிங்கப்பூர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

புரட்டாசி பிறந்தது. குறுவை பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடித்து வயலைக் காயப் போட வேண்டும். அப்போதுதான் அறுவடை மிஷின் இறங்க முடியும். இளஞ்செழியனுக்குத் தெரியாதா? தன் வயல் மடைகளை அடைத்துவிட்டார். மோட்டார்த் தண்ணீரை வடிகால் பக்கம் திருப்பிவிட்டார். வடிகாலில் போகிற தண்ணீர் யாரை என்ன செய்யப் போகிறது என்று கண்ணை மூடி மோகனத்தில் லயித்தார். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டி அடைத்துக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. தண்ணீர் திரும்பி ஏறி, வரப்பில் இருந்த நண்டு வளையைப் பெரிதாக்கிக்கொண்டு, நேரே வைரக்கண்ணு வயலுக்குள் போனது.

மறுநாள் காலை இட்லி நேரத்துக்கு வைரக்கண்ணு வந்தார். முழங்கால் வரை சேறு. வாசற்படியில் நின்றே ஆரம்பித்துவிட்டார்.

"செழியா! வெளிய வாய்யா! என் வயல்ல மிஷின் வண்டி டயரு முழுக்கப் பொதைஞ்சு நிக்குது. மழ இல்ல, மேகம் இல்ல, எங்கேருந்துடா தண்ணின்னு பாத்தா உன் மோட்டாரு! இனிமே சேத்துல எறங்குற செயின் வண்டிக்கு நான் எங்க போவேன்? ஊரே அறுப்புல நிக்குது!"

இளஞ்செழியன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகம் வெளிறிவிட்டது. பிரகதீஸ்வரி கரண்டியோடு வந்தாள். மதிவதனியும் வந்தாள்.

"எதுக்குப்பா இப்ப போயி மோட்டார் போட்டீங்க?" என்றாள் தன்மையாக.

அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"கேளு பாப்பா, நல்லா கேளு" என்றார் வைரக்கண்ணு. "மோட்டாரப் போட்டுட்டுப் பக்கத்துல குந்திப் பிடில் வாசிக்கிறாரு உங்கப்பா. தெனமும்!"

"சுருதிக்கும்மா" என்றார் இளஞ்செழியன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

"சுருதிக்கு. அது ஒரே மாதிரி உம்ம்ம்னு..."

"நான் அனுப்பின தம்புரா?"

"அது கொசு மாதிரி இருந்துச்சும்மா. மோட்டாருன்னா கம்பீரமா..."

"எத்தன நாளா?"

"வைகாசிலேருந்து."

மதிவதனியின் மூக்கு நுனி சிவந்தது. அம்மாவிடம் பாய்வதற்கு முன் சிவக்குமே, அதே சிவப்பு. இளஞ்செழியன் அதை அதுவரை பக்கவாட்டில் இருந்துதான் பார்த்திருக்கிறார். நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அப்பா! உனக்கு அறிவு இருக்கா?"

பிரகதீஸ்வரி கையில் இருந்த கரண்டியிலிருந்து மாவு சொட்டியது.

"எடுத்துட்டு வா வயலின. எடுத்துட்டு வான்னு சொல்றேன்!"

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் தந்தியை ஒரு தட்டுத் தட்டினாள். காதைப் பொத்திக்கொண்டாள். "இந்தச் சுருதி அஞ்சு கட்டையும் இல்ல, அஞ்சரையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஈபி கட்டை! இத வச்சிக்கிட்டு எங்கூட மேடையில உக்கார வந்துட்ட!" தந்தியைச் சரியான சுருதிக்கு ஏற்றினாள். போனில் தம்புராவைப் போட்டாள். "வாசி."

வாசித்தார். விரல் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், தம்புரா ஒரு பக்கம் போனது. சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர் போல மோட்டாரைத் தேடித் தவித்தார்.

"கேக்குதா? உன் காதுக்குக் கேக்குதா? அஞ்சு மாசம் பாட்ட மட்டும் பழக்கல நீ, தப்பையும் சேத்துப் பழக்கிருக்க! கட்டைவிரல ஏன் கிடுக்கி மாதிரி புடிக்கிற? இது என்ன கப்பலா, பத்த வைக்கிறதுக்கு? முழங்கை எங்க போவுது பாரு. வில்ல இழுக்கச் சொன்னா ரம்பத்த இழுக்கற. ரெக்கார்டு பண்ணி அனுப்புன்னு எத்தன தடவ கேட்டேன்? ஏன் அனுப்பல? மோட்டார் சத்தம் கேட்டுரும்னுதான?"

"அந்த எறக்கத்துல வர்றப்ப எனக்கே தெரியும் பாப்பா, அது தப்புன்னு" என்றார் வைரக்கண்ணு.

"நீங்க சும்மா இருங்க மாமா!"

வைரக்கண்ணு வாயை மூடிக்கொண்டார். சண்டை போட வந்தவருக்குச் சண்டையில் இடம் இல்லை. பிரகதீஸ்வரி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.

இளஞ்செழியனுக்கோ உள்ளே வெடிச்சத்தம் கேட்டது. அத்தனையும் தீபாவளி வெடி. சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் முகம் கோணிக்கொண்டு போனது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை.

"நீதானம்மா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்! காதால கேக்க முடியல. மாடு தாங்கல, நான் எப்படித் தாங்குவேன்?"

"அப்பவே திட்டியிருக்கலாம்ல? அம்மாவத் திட்டுற மாதிரி ஒரு தடவ திட்டியிருந்தா..."

"திட்டுனா நீ போயிடுவ!"

சொன்னவளுக்கே அது தன் வாயிலிருந்து வந்தது தெரியவில்லை போலிருக்கிறது. நின்றுவிட்டாள். பிறகு குரல் இறங்கியது.

"மூணாவது படிக்கறப்ப நீ லீவுல வந்திருந்த. நான் கேட்ட பொம்மைய வாங்கிட்டு வரலன்னு உங்கிட்ட சண்ட போட்டேன். போ, உங்கூட பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். காலைல எந்திரிச்சா நீ இல்ல. ரெண்டு வருஷம் வரல."

இளஞ்செழியனுக்கு அந்தக் காலை நினைவிருந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன காலை. "அன்னிக்கு டிக்கெட்டு ரெண்டு மாசம் முன்னாடியே போட்டதும்மா" என்றார்.

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? எனக்கு எட்டு வயசு."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைக்கவும் இல்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு, வைரக்கண்ணு பார்க்கப் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை காலம் அந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு, மரியாதை கொடுத்துக் கொடுத்து, தன்னைப் போகாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அதைத்தான் அவர் அந்நியம் என்று நினைத்து மருகியிருக்கிறார்.

"நான் எங்கயும் போவ மாட்டேன்டி" என்றார். "நீ செருப்பால அடிச்சாலும் இந்த வீட்டுலதான் கெடப்பேன்."

மதிவதனி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அழுவாத. விரல் வழுக்கும். சா வாசி. சா மட்டும்."

வைரக்கண்ணு காலி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "செழியா, நான் வேணா சாயங்காலம் வந்து சண்ட போடட்டுமா?"

அதற்குத் தேவை இருக்கவில்லை. இளஞ்செழியன் அன்றைக்கே வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிப் போட்டார். ஊர் ஊராகப் போன் செய்து ஒரு செயின் வண்டியைக் கெஞ்சிப் பிடித்துக்கொண்டு வந்து, வைரக்கண்ணு வயலை முதலில் அறுத்துக் கொடுத்த பிறகுதான் தன் வயலில் இறக்கினார். வைரக்கண்ணு சமாதானமாகிவிட்டார். ஊருக்குள் கதையைப் பரப்புவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

நவராத்திரி வரைக்கும் அந்த வீட்டில் நடந்ததைச் சாதகம் என்று சொல்வதா, சிறைவாசம் என்று சொல்வதா! காலையில் கொஞ்ச நேரம், பால் கறந்து முடித்த பிறகு. சாயங்காலம் கொஞ்ச நேரம். ஒரு வரிக்கு மேல் வாசிக்க விடமாட்டாள். வேகம் போனால் தொடையில் அடி. அலுப்புத் தட்டுவதற்கு முன்பே வயலினைப் பிடுங்கி வைத்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினால், "நாளைக்கு வா. தூங்கி எந்திரிச்சாத்தான் விரல்ல எறங்கும்" என்பாள். தம்புரா ஓடிக்கொண்டே இருக்க, வெறும் சாவை இழுத்து, காது ஒட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வாசித்ததைப் போனில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டுவாள்.

"இது யாரு? கன்னுக்குட்டியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீதான்."

சமையலறையில் பிரகதீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாட்டிக்கிட்டீங்களா? நான் இருபது வருஷமா பட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். இப்போதெல்லாம் காலைச் சண்டையில் மூன்று பேர். சட்னி கரித்தால் இளஞ்செழியன் எந்தக் கட்சி என்று இரண்டு பக்கமும் கேட்டு இழுத்தார்கள். தோசை ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. கோயில் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். கொலுவுக்குப் பக்கத்தில் சீரியல் விளக்கு. சுண்டலுக்கு வந்த கூட்டம் கச்சேரிக்கும் உட்கார்ந்திருந்தது. வைரக்கண்ணு குடும்பத்தோடு முதல் வரிசையில். மதிவதனி தனியாக இரண்டு உருப்படி வாசித்து முடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இளஞ்செழியன் பட்டுக்கரை வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரலைத் தளர்த்திக்கொண்டார். தம்புராவைக் கேட்டார். கேட்டு, கேட்டு, அதற்குள் போய் நின்ற பிறகு வில்லை வைத்தார்.

முதல் வரி சேர்ந்தது. இரண்டு வயலினும் ஒரே குரலில் பேசின. கூட்டத்தில் யாரோ "அட!" என்றார்கள். மூன்றாவது வரி, அந்தப் பாழாய்ப்போன மேடு, கொஞ்சமும் தட்டாமல் கடந்தது. அந்தச் சந்தோஷத்தில் அசந்துவிட்டார். நாலாவது வரியில், தடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தில், ஒரு விரல் பிசகி, சுரம் ஒன்று கீச்சென்று போனது. கை முதலுக்குப் போகத் துடித்தது. போகவில்லை. இரண்டு சுரம் வாசிக்காமல் விட்டு, மகளின் வில்லைப் பார்த்து, அடுத்த வரியில் அவளோடு ஏறிக்கொண்டார். முடிவு வரைக்கும் இறங்கவே இல்லை.

கைதட்டல் விழுந்தது. வைரக்கண்ணு எழுந்து நின்று தட்டினார். கீச்சென்றது கூட்டத்தில் ஒருத்தர் காதுக்கும் எட்டியதாகத் தெரியவில்லை. பிரகதீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

மதிவதனி கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சமும் கலையாமல், உதடு அசைவது தெரியாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நாலாவது வரியில என்ன கிழிச்ச? வீட்டுக்கு வா, உன்ன வச்சுக்கறேன்."

கப்பல் பட்டறையில் இருந்த அத்தனை வருஷத்திலும், ஊருக்கு டிக்கெட் கையில் வந்த நாட்களில்கூட, வீட்டுக்குப் போக இளஞ்செழியனுக்கு இவ்வளவு அவசரம் இருந்ததில்லை.